பகலில் ஒரு மணி நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்து தினமும் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் தன் மகனுக்கு, இரண்டாம் ஆண்டு ஆகியும் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு நண்பன்கூட இல்லை என்று ஒரு தந்தை உங்கள் நாளிதழுக்கு எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுதிய வாசகர்களில் பாதிப் பேர் ஒரே பாட்டைப் பாடியிருந்தார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முகம் பார்த்துப் பேசத் தெரியவில்லையாம், எந்நேரமும் கைபேசிதானாம், கூச்சத்தை விட்டு நாலு பேரிடம் போய்ப் பேசினால் எல்லாம் சரியாகிவிடுமாம்.

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணவர்கள் என்னை அக்கா என்றார்கள், அப்புறம் மேடம் என்றார்கள், இப்போது ஆன்ட்டி. அவ்வளவு காலமாக இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமையில் சொல்கிறேன்: அந்தப் பையனிடம் எந்தக் கோளாறும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதலில் அவனுடைய டைம்டேபிளை வாங்கிப் பாருங்கள்.

டே ஸ்காலர்களைக் கண்டுபிடிக்க எனக்கு அடையாள அட்டை தேவையில்லை. பையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். விடுதிப் பிள்ளை ஒரு நோட்டும் பேனாவுமாகக் கையை வீசிக்கொண்டு வருவான். எதையாவது மறந்திருந்தால் பத்து நிமிடத்தில் அறைக்குப் போய் எடுத்து வந்துவிடலாம். வீட்டிலிருந்து வருகிறவன் காலையில் கிளம்பும்போதே அன்றைக்கு வேண்டிய அத்தனையையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். லேப்டாப், சார்ஜர், ரெக்கார்டு நோட்டு, ஆய்வகக் கோட்டு, சாப்பாடு, தண்ணீர், குடை, விளையாட்டு வகுப்பு இருந்தால் ஷூவும். இத்தனை கனத்தைச் சுமந்துகொண்டு யாரும் மைதானத்துப் பக்கம் காலாற நடக்கப் போவதில்லை. சுவரோரமாக ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், இரண்டும் கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். வீடு போய்ச் சேரும்வரை கைபேசியில் சார்ஜ் நிற்க வேண்டுமே. அப்புறம் அதே நாற்காலியைப் பார்த்து, பிள்ளைகள் ஒதுங்கியே இருக்கிறார்கள் என்று நாம் சொல்கிறோம்.

நூலக வாசலில் உள்ள நோட்டீஸ் பலகையும் என் பொறுப்பில்தான். ஒட்டுவதும் நான், தேதி முடிந்ததும் கிழிப்பதும் நான். நாடகக் குழு ஒத்திகை மாலை 6 மணி. விவாத மன்றம் 6.30. புகைப்படக் குழு முதல் கூட்டம் 7 மணி, அனைவரும் வருக. இந்த 'அனைவரும்' யார் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கடைசி வகுப்பு முடிவது மூன்றரை அல்லது நான்கு மணிக்கு. ஆறு மணிவரை சும்மா காத்திருந்து, எட்டு மணிக்குக் கூட்டம் முடிந்து, அதற்கு மேல் இரண்டு வண்டி மாறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் விடிவதற்குள் எழுந்திருக்க வேண்டும். அதையும் செய்கிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். இரண்டு வாரம் செய்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த இரண்டு வாரமும் கிடைப்பதில்லை.

போன பருவத்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி விவாத மன்ற நோட்டீஸின் முன் வெகுநேரம் நின்றாள். கைபேசியை எடுத்துத் தன் வண்டி நேரத்தைப் பார்த்தாள், மறுபடியும் நோட்டீஸைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, "ஆன்ட்டி, இதையெல்லாம் மத்தியானத்துல வைக்க மாட்டாங்களா?" என்றாள். "யாரைக் கேக்கணும்னு எனக்கும் தெரியலையேம்மா" என்றேன். பள்ளியில் மாவட்ட அளவில் பேசிப் பரிசு வாங்கியவளாம். அவள் பேசத் தெரியாத பிள்ளையா?

இதற்கு மேல் இரவு என்று ஒன்று இருக்கிறது. வகுப்பில் நடக்க வேண்டிய பாதி விஷயங்கள் விடுதியில் இரவு பதினோரு மணிக்குத்தான் முடிவாகின்றன. எந்தத் தலைப்பில் புராஜெக்ட், யார் யாரோடு சேர்வது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, எல்லாமே. மறுநாள் காலை டே ஸ்காலர் வந்து சேரும்போது குழுக்கள் பிரிந்திருக்கும், பட்டப்பெயர்கள் வைத்தாகியிருக்கும். எல்லோரும் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "நேத்து ராத்திரி ஒண்ணு நடந்துச்சுடா, விடு, சொன்னா புரியாது" என்பார்கள். யாரும் யாரையும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. ஆனால் ஒதுங்கி நிற்பவனுக்கு அதில் என்ன ஆறுதல்?

சில மாதங்களுக்கு முன் உளவியல் துறை மாணவர் ஒருவர், நட்பு எப்படி உருவாகிறது என்பது பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி வந்தார். எடுத்துக் கொடுத்த கையோடு நானும் படித்தேன், வேலை நேரத்தில்தான், மேலதிகாரி மன்னிப்பாராக. அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அதில் இருந்தது. புதிதாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த மாணவர்களையும், ஊர் மாறி வந்த பெரியவர்களையும் கேட்டு அவர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். முகம் தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பர் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ளச் சுமார் 90 மணி நேரம், நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கும் மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறதாம். அதிலும் வகுப்பிலோ வேலையிலோ பக்கத்தில் இருந்த நேரத்துக்கு அவ்வளவு பலன் இல்லை. சும்மா உட்கார்ந்து பேசிய நேரம், கேலி பேசியும் விளையாடியும் கழித்த நேரம், இவைதான் நெருக்கத்தைக் கூட்டுகின்றன.

இதை நம் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரே அறையில் தங்கும் இருவருக்குத் தூக்கம், படிப்பு, வகுப்பு எல்லாம் போக நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் சும்மா பேசக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 28 மணி நேரம். இரண்டு வாரம் முடிவதற்குள் 50 மணி நேரத்தைத் தாண்டிவிடுவார்கள், எட்டு வாரத்தில் 200-ஐயும் தாண்டிவிடுவார்கள். டே ஸ்காலருக்கு வகுப்புகளுக்கு இடையில் உருப்படியாகக் கிடைப்பது அரை மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள், இரண்டரை மணி நேரம். அந்த 50 மணி நேரம் சேரவே 20 வாரம் ஆகும். ஒரு பருவம் என்பதே ஏறக்குறைய 15 வாரம்தான். அதற்குள் பருவம் முடிந்து, விருப்பப் பாடம் மாறி, செக்‌ஷன் மாறி, பக்கத்தில் உட்கார்ந்தவன் வேறு கட்டடத்துக்குப் போய்விடுவான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆக, அந்தத் தந்தை கவலைப்படும் இரண்டாண்டுத் தனிமைக்குக் கூச்சத்தைக் காரணம் காட்டவே தேவையில்லை. சாதாரணப் பெருக்கல் வாய்ப்பாடு போதும்.

சரி, அப்படியானால் டே ஸ்காலருக்கு நட்பே அமையாதா என்றால், அமைகிறது. என் கண் முன்னாலேயே அமைந்திருக்கிறது. நூலகத்தின் மேல்தளத்தில் ஜன்னலோர மேசை ஒன்றில் மட்டும் பிளக் பாயின்ட் உருப்படியாக வேலை செய்யும். புள்ளியியல் படிக்கும் ஒரு பெண்ணும் வரலாறு படிக்கும் ஒரு பையனும் தினம் அந்த ஒரே பிளக்குக்காக வந்து சேருவார்கள். முதலில் பேச்சே கிடையாது. யாருக்குச் சார்ஜ் குறைவு என்று திரையைக் காட்டிக்கொள்வார்கள். குறைவாக இருப்பவருக்கு முன்னுரிமை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பெண் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று கொண்டுவந்தாள். விதிப்படி நான் அதை அனுமதிக்கக் கூடாது. அது என் கண்ணில் படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேசையைச் சுற்றி மெல்ல மெல்ல ஆள் சேர்ந்தது. வெவ்வேறு துறை, வெவ்வேறு ஆண்டு, எல்லோருமே வீட்டிலிருந்து வருகிறவர்கள். இப்போது நான் போய் "கொஞ்சம் மெதுவா பேசுங்கப்பா" என்று தினம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

அந்த மேசையில் நடந்ததை ஆய்வாளர்கள் வேறு இடங்களில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மித்யா பாக் என்பவரும் சகாக்களும் உளவியல் முதலாண்டு மாணவர்களை முதல் கூட்டத்தில் சீட்டுக் குலுக்கியதைப் போலக் கண்டபடி இருக்கைகளில் உட்கார வைத்தார்கள். ஓராண்டு கழித்து யார் யாரோடு நட்பாக இருக்கிறார்கள் என்று கேட்டபோது, அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடையே நட்பு கூடுதலாக இருந்திருக்கிறது. ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்களிடையேகூடக் கொஞ்சம் இருந்திருக்கிறது. 2008-இல் வெளியான ஆய்வு இது. 1992-இல் வெளியான இன்னொரு ஆய்வில் நான்கு பெண்களை ஒரு பெரிய வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருத்தி போகவே இல்லை. மற்றவர்கள் 5, 10, 15 வகுப்புகளுக்குப் போனார்கள். யாரிடமும் பேசக் கூடாது, வந்து உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே. பருவ முடிவில் நால்வரின் படங்களையும் காட்டியபோது, அதிக முறை வந்து போனவரையே மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது.

இதைப் படித்த பிறகு, கவுன்டரில் வந்து புலம்பும் டே ஸ்காலர் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நாலு பேரிடம் போய்ப் பேசு என்கிற உபதேசத்தைத் தள்ளி வை. ஒரே இடத்தில் உட்கார். வகுப்பில் அதே வரிசை, மதியம் அதே மேசை, அதே நேரம். உன்னை எங்கே தேடினால் கிடைப்பாய் என்று இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும். இன்று நூலகம், நாளை மரத்தடி, மறுநாள் ஆய்வக வராந்தா என்று அலைகிற பிள்ளைக்கு எல்லோர் முகமும் தெரியும், யாரும் பழக்கமாக மாட்டார்கள்.

இன்னொன்று வண்டி. போகவர ஆகும் நேரத்தை எல்லோரும் நஷ்டக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார்கள், களைப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே தடத்தில் வரும் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால் கணக்கே மாறிவிடும். போக முக்கால் மணி, வர முக்கால் மணி என்றாலே வாரத்துக்கு ஏழரை மணி நேரம். இடைவேளை இரண்டரையையும் சேர்த்தால் பத்து. 20 வாரம் ஆகும் என்று சொன்னேனே, அது ஐந்து வாரமாகிவிடும். விடுதிப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சௌகரியம் டே ஸ்காலருக்கு இருக்கிறதென்றால் அது இது ஒன்றுதான். முதல் வாரத்திலேயே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில், "இந்தத் தடத்துல யாரெல்லாம் வர்றீங்க?" என்று ஒரு வரி போட்டால் போதும். நானும் தினம் வண்டியில் வருகிறவள்தான். ஒரே பெட்டியில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் இருவர், ஒருவரையொருவர் தெரியாமல் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

அதேபோல, பேசிவிட்டு வந்த பிறகு "நான் அறுத்துட்டேனோ, அவங்களுக்கு என்னைப் பிடிக்கலையோ" என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிற பழக்கம். இது பெரும்பாலும் வீட்டுக்குத் திரும்பும் வண்டியில்தான் நடக்கிறது, அங்கே வேறு வேலை இல்லையே. எரிக்கா பூத்பியும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. புதியவர்கள் இருவர் பேசிப் பிரிந்த பிறகு, எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்தே மதிப்பிடுகிறார்கள். விடுதியில் ஒன்றாகத் தங்கிய முதலாண்டு மாணவர்களிடம்கூட இந்தத் தப்புக்கணக்கு மாதக்கணக்கில் நீடித்ததாம். சேர்ந்து தங்குகிறவர்களுக்கே அப்படியென்றால், மூன்று மணி நேரம் வகுப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடிதம் எழுதிய தந்தைக்கும் ஒரு வார்த்தை. ஐயா, வகுப்பு மூன்றரைக்கு முடிந்தால் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது நியாயம்தான். நானும் பிள்ளை பெற்றவள். ஆனால் "மூன்றரைக்கு விட்டாச்சே, இவ்வளவு நேரம் என்ன செஞ்சே?" என்று தினம் கேட்கும் வீட்டில், பிள்ளை மூன்று இருபத்தைந்துக்கே பையை மூடத் தொடங்கிவிடும். எங்கள் கவுன்டரில் நான் தினமும் பார்க்கிறேன்: வகுப்பு முடிந்து படியில் நின்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில், புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடுகிறவர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள். வாரத்தில் ஒரு நாள், எது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் அடுத்த வண்டியில் வரச் சொல்லுங்கள்.

இதெல்லாம் மாணவரும் வீடும் செய்யக்கூடியவை. இனி, உங்கள் நாளிதழ் மூலமாகப் பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பகலில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒரு மணி நேரம் வகுப்பே இல்லாமல் விடுங்கள். இப்போது பல இடங்களில் மதிய இடைவேளையைத் துறைவாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு துறைக்குப் பன்னிரண்டு மணி, இன்னொன்றுக்குப் பன்னிரண்டு நாற்பது. கேன்டீனில் இடம் போதாது என்பதுதான் காரணம். அதனால் ஒரே மேசையில் சேர்ந்த அந்தப் புள்ளியியல் பெண்ணும் வரலாற்றுப் பையனும்கூட ஒன்றாகச் சாப்பிட முடியாது. ஒருவர் வரும்போது மற்றவர் வகுப்புக்கு எழுந்துவிடுவார். கேன்டீனில் இடமில்லையென்றால் அந்த ஒரு மணி நேரம் வகுப்பறைகளைத் திறந்துவிடுங்கள். வீட்டிலிருந்து வருகிறவர்களில் பலர் கையில் சாப்பாட்டோடுதான் வருகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது ஒரு பெஞ்சும் ஒரு மின்விசிறியும்தான்.

தினமும் முடியாது, ஆய்வக வகுப்புகள் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும் என்பார்கள். டைம்டேபிள் போடும் பேராசிரியர்கள் படும் பாட்டை நான் அறிவேன். எங்கள் நூலகத்தில் உட்கார்ந்துதான் போடுவார்கள், ரப்பர் தேய்ந்துவிடும். அப்படியானால் வாரத்தில் இரண்டு நாளாவது கொடுங்கள். எல்லா மன்றங்களும் தங்கள் கூட்டத்தை அந்த இரண்டு நாளில் மட்டும் நடத்தட்டும். மாலை ஒத்திகை வேண்டுமானால் தொடரட்டும், ஆனால் உறுப்பினர் தேர்வும் முதல் கூட்டமும் பகலில்தான் என்று ஒரு விதி போடுங்கள். மதிப்பெண் உள்ள குழு வேலைகளுக்கு வாரத்தில் ஒரு வகுப்பு நேரத்தை விட்டுக்கொடுங்கள். விடுதி அறையில் இரவு பன்னிரண்டு மணிக்கு நடக்கும் கூட்டத்துக்கு வெளியாளை உள்ளேயே விட மாட்டார்கள், அப்புறம் "அவன் ஒண்ணுமே செய்யல" என்று குழுத் தலைவர் எழுதிக் கொடுக்கிறார். பூட்டி வைக்க ஒரு லாக்கர் வரிசையும் வேண்டும். முதுகிலிருந்து அந்தப் பை இறங்கினால் பாதிப் பிள்ளைகள் சுவரோரத்தைவிட்டு எழுந்து நடப்பார்கள் என்பது என் கணிப்பு.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. லாக்கர் தவிர மற்றதெல்லாம் தாளில் நேரத்தை மாற்றி எழுதுகிற வேலைதான். எங்கள் நூலகத்திலேயே கீழ்த்தளத்தில் குழு விவாத அறை ஒன்று இருக்கிறது. நீள மேசை, சுற்றிலும் நாற்காலி, நான்கு பிளக் பாயின்ட், நான்கும் வேலை செய்பவை. பார்வையிட விருந்தினர் வரும்போது மட்டும் திறந்து காட்டுவோம். மதிய நேரத்தில் அதை மாணவர்களுக்குத் திறந்துவிடலாமா, பேச அனுமதிக்கலாமா என்று கேட்டு அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பருவத்துக்கான டைம்டேபிள் வேலை இந்த மாதம் தொடங்குகிறது. அதற்குள் பதில் வந்துவிட்டால் நல்லது; அறையின் சாவி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
பல்கலைக்கழக நூலகப் பணியாளர் ஒருவர்
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயம் ஒன்று இருக்கிறது.)